கணிப்பொறிப் புகைவண்டியும் கப்ளிங்கும்

கணிப்பொறித் திரையிற் புகைவண்டி ஓட்டுதலை வெறும் பொழுதுபோக்கென்று எள்ளுவாருமுளர். நாம் அக்கருத்தினரல்லேம். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டரும், அதற்கெனச் செய்யப்பட்ட பாதைகளையும் வண்டிகளையும் ஏற்று ஓடுமாறு ஆர்வலர் பலர் கூடி ஆக்கிய ஓப்பன் ரெயில்ஸும் இருப்புப்பாதை நுட்பங்களைப் பலர்க்குக் கற்பித்துள்ளன. ஆயினும் கைகாட்டியின் நிறத்திலும் ஊதலின் ஒலியிலும் செலுத்தப்படும் கருத்து, வண்டிக்கும் வண்டிக்கும் இடையேயுள்ள கப்ளிங்கில் அத்துணை செலுத்தப்படுவதில்லை. இதனைச் சிறு குறையென்று விடுதற்கில்லை. கூட்ஸ் வண்டி ஓட்டும் தொழிலின் உயிர்நிலை அங்கேயே உள்ளது என்பது நம் துணிபு.

அமெரிக்க நாட்டுக் கூட்ஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். விரல்களை மடக்கிக் கோத்தாற்போல ஒன்றையொன்று பற்றும் நக்கிள் கப்ளிங்கே ஆங்கு வழக்கு. ஈலை ஜேனி என்பார் 1873-இல் இவ்வகைக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பற்றிய விரல்களிடையே சிறிது இடைவெளி உண்டு. அன்றியும், ஒவ்வொரு முனையிலும் அதிர்ச்சியைத் தாங்கும் டிராப்ட் கியர் என்னும் உறுப்பு ஏறக்குறைய 3¼ அங்குலம் அமுங்கும். வண்டி ஒன்றிற்கு இருமுனை; 100 வண்டிக்கு இவ்வமுக்கம் மட்டுமே 50 அடிக்கு மேலாகின்றது. ஆதலின் இஞ்சின் நகரும்போது தொடர் முழுதும் ஒருங்கே நகர்வதன்று. ஒவ்வொரு வண்டியாக விழித்தெழுகின்றது. பழைய நீராவி இஞ்சின் டிரைவர்கள் சற்றுப் பின்னே தள்ளித் தளர்வைச் சேர்த்துக்கொண்டு, பின்னர் முன்னே இழுத்துப் பெரும்பாரத்தையும் கிளப்பியது இவ்வுபாயத்தாலன்றோ? பதறி இழுப்பின், கடைசி வண்டிக்கு இழுப்பு வந்து சேருமுன் இஞ்சின் வேகங்கொண்டுவிடும். கபூஸ் என்னும் கடைவண்டியிலிருந்த பணியாளர் இதனால் தூக்கியெறியப்பட்டுக் காயமுற்றதுமுண்டு. பிரேக்கிலும் அவ்வாறே. முன்னிருந்து மட்டும் பிரேக் போடின், குழாயிற் காற்றழுத்தம் குறைதல் ஒலியின் வேகத்தை விஞ்சிச் செல்லாது; ஒரு மைல் நீளத் தொடரில் கடைசி வண்டி அதனை உணர 4 வினாடிக்கு மேலாகும். அதற்குள் பின்வண்டிகள் முன்வண்டிகளை நெருக்கி மோதும்.

இத்தளர்வை நீக்கித் தொடர் முழுவதையும் ஒரே இரும்புத்துண்டாகக் கணக்கிடும் மென்பொருளிற் பழகினவன், டிராட்டிலை எவ்வளவு முரட்டுத்தனமாகத் திறப்பினும் தண்டனை பெறான்; பிழையையே திறமையென்று கற்பான். இனி, கப்ளிங்கை வெறும் சுருள்வில்லாகக் கொள்வதும் தவறே. மெய்யான டிராப்ட் கியர் உராய்வினால் மோதலின் ஆற்றலிற் பெரும்பகுதியை விழுங்கி, எஞ்சியதையே திருப்பித் தருவது. அவ்வுராய்வின்றேல் தொடர் ரப்பர்க்கயிறு போல முன்னும் பின்னும் துள்ளிக்கொண்டேயிருக்கும். ஆக்குவோர் படும் இடரையும் நாம் மறந்தோமில்லை. கணிப்பொறி காலத்தைத் துண்டுதுண்டாக்கிக் கணக்கிடுவது. வில் மிகக் கடினமாயும் காலத்துண்டு நீண்டதாயும் இருப்பின், விசை ஒவ்வொரு கணக்கிலும் அளவு கடந்து பெருகி, நின்ற வண்டியே தானாக அறுந்துபோம். அதற்கஞ்சி வில்லை மெத்தென்றாக்குவது எளிய வழி, நேரிய வழியன்று. திரையில் வினாடிக்கு 60 படம் தோன்றுமாயின், ஒரு படத்துக்குள்ளேயே கப்ளிங்கின் கணக்கைப் பன்முறை செய்தல் வேண்டும்.

விளையாட்டில் இத்துணைக் கண்டிப்பு எதற்கு, புதியவர் வெருண்டோடுவரே என்பர் சிலர். ஓப்பன் ரெயில்ஸில் கப்ளிங் அறுதலை விரும்புவோர் மட்டும் தெரிந்தெடுக்கும் வண்ணம் வைத்திருப்பது இதற்குத் தக்க விடை. எனினும் எவ்வளவு இழுப்பில் அறும் என்னும் எண்ணை வண்டியை ஆக்குவோரே அதன் கோப்பில் எழுதுகின்றனர். அங்கே மிகப்பெரிய எண்ணொன்றை இட்டுவிட்டால், தெரிந்தெடுத்தும் பயனில்லை. மெய்யான நக்கிளோ முறியத்தக்கதாகவே அமைந்தது. பின்னுள்ள கப்ளிங் உடலைக் காக்கும்பொருட்டு, எளிதில் மாற்றத்தக்க அஃது முதலில் முறியுமாறு வலிமை குறைத்துச் செய்கின்றனர். அதன் எடை ஏறக்குறைய 80 பவுண்டு. முறிந்தால் பணியாளர் ஒருவர் இஞ்சினிலிருந்து இறங்கி, ஜல்லிமேல் நடந்து, அறுந்த இடத்தைத் தேடிக் கண்டு, புதியதை மாட்டும்வரை தொடர் முழுதும் நடுவழியில் நிற்கும். விளையாட்டிலும், அறுந்தவுடன் தொடக்கத்துக்குத் திரும்பிவிடாமல், அத்தனை நேரமும் ஓட்டினவனை அங்கேயே காத்திருக்கச் செய்தல் வேண்டுமென்போம்.