கடைசிப் பந்தில் 5 ரன்

2021 நவம்பர் 22, டெல்லி. சையது முஷ்டாக் அலி கோப்பை இறுதிப்போட்டி. கர்நாடகம் 151 அடித்துவிட்டது. கடைசி ஓவரில் தமிழ்நாட்டுக்கு 16 ரன் வேண்டும். கடைசிப் பந்தில் 5. ஷாருக் கான் (நடிகரல்ல, நம் சென்னைப் பையன்) லெக் பக்கம் தூக்கியடித்தார், சிக்ஸர்! 2019இல் இதே கோப்பையின் இறுதியில் இதே கர்நாடகத்திடம் ஒரே ஒரு ரன்னில் தோற்ற கடன் அன்று தீர்ந்தது.

இந்தப் பங்காளிச் சண்டை பழசு. ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4இல் சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும் மோதியதுதான். ராம் சிங் 11 விக்கெட் சாய்க்க, ஒரே நாளில் ஆட்டம் முடிந்து மதராஸ் ஜெயித்தது. அந்த மைசூர்தான் இன்றைய கர்நாடக அணி.

ஆனால் எங்கள் நேமத்தான்பட்டிப் பிள்ளைகளைக் கேளுங்கள்: சென்னை–மும்பை ஐபிஎல் கணக்கு முழுக்கச் சொல்வார்கள், இது தெரியாது. அவர்களைக் குறை சொல்லி என்ன? அண்டை வீட்டுக்காரர்கள் மோதும் இறுதியை ஒருமுறை சூரத்திலும் மறுமுறை டெல்லியிலும் வைத்தால் யார் பார்ப்பது? சேப்பாக்கம் மைதானம் செட்டிநாட்டு எம்.ஏ. சிதம்பரம் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெங்களூரில் சின்னசாமி மைதானம் இருக்கிறது. அடுத்த முறை இவ்விரு அணிகளும் இறுதிக்கு வந்தால், கிரிக்கெட் வாரியம் ஆட்டத்தை இந்த இரண்டில் ஒன்றில் நடத்தட்டும்.