நூற்புழுவுக்கு வாசனை எண்ணெய்: வயலுக்கா, நாற்றங்காலுக்கா?

டெல்டா நெல் வயல்களில் வேர்முடிச்சு நூற்புழுவைப் பற்றி இப்போது அதிகம் பேச வேண்டியிருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று தண்ணீர். ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை, 2024-ல் ஜூலை 28-ல்தான் திறக்கப்பட்டது. இத்தகைய ஆண்டுகளில் நேரடி விதைப்பும், காய்ச்சலும் பாய்ச்சலுமான பாசனமும் கூடுகின்றன. நீர் தேங்கிய மண்ணில் இந்தப் புழுவின் குஞ்சுகளால் வேருக்குள் நுழைய முடிவதில்லை. வயல் காய்ந்தால் எளிதில் நுழைந்துவிடும். மூன்று, நான்கு வாரங்களில் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

இரண்டாவது காரணம் மருந்து. போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. கார்போபியூரானையும் 2023-ல் மத்திய அரசு 3 சத குருணை வடிவத்துக்குள் சுருக்கிவிட்டது. இந்த இடைவெளியில்தான் கிராம்பு, பட்டை, ஓமம், எலுமிச்சைப்புல் எண்ணெய்களின் பெயர் அடிபடுகிறது.

இவை நூற்புழுவைக் கொல்லுமா? ஆய்வகத்தில் கொல்லும். கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால், எலுமிச்சைப்புல்லின் சிட்ரால் ஆகியவற்றுக்கு அந்தத் திறன் உண்டு. ஆனால் கண்ணாடித் தட்டில் புழு தண்ணீரில் கிடக்கிறது. வயலில் மண்ணுக்குள்ளும் வேருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் ஆவியாகும், களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், மண் நுண்ணுயிர்களால் சில நாட்களில் சிதையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மண்ணின் எடை சுமார் 8 லட்சம் கிலோ. ஒரு கிலோ மண்ணுக்கு 100 மில்லிகிராம் வீதம் கலக்க வேண்டுமானால் 80 கிலோ எண்ணெய் தேவை. கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 80 ஆயிரம் ரூபாய். நெல்லுக்கு இது கட்டுப்படியாகாது. ஏக்கருக்கு அரை லிட்டர் போதும் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.

அதே அளவை ஒரு ஏக்கர் நடவுக்கான ஒரு சென்ட் பாய் நாற்றங்காலுக்குப் போடுங்கள். 4 செ.மீ. கனத்தில் மண் சுமார் 2 டன்தான். எண்ணெய் 200 கிராம் போதும். ஆகவே இந்த எண்ணெய்களுக்கு எதிர்காலம் இருந்தால் அது நாற்றங்காலில்தான். அங்கும் ஒரு எச்சரிக்கை: கிராம்பு எண்ணெய் களைக்கொல்லியாகவும் பயன்படுவது. அளவு மிஞ்சினால் நாற்றே கருகும். பூச்சி, புழுவைக் கொல்லும் என்று விற்கப்படும் எந்தப் பொருளுக்கும் 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் வேண்டும். புட்டியில் அது இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை:

* நாற்றுப் பறிக்கும்போது பத்து இடங்களில் வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் நுனி கொக்கிபோல் வளைந்து வீங்கியிருந்தால் அந்த நாற்றை நடாதீர்கள்.
* சூடோமோனாஸ் புளோரசன்ஸ்: கிலோ விதைக்கு 10 கிராம், நடவு வயலுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோவைத் தொழுஉரத்தில் கலந்து இடலாம்.
* பாதிப்பு உள்ள வயலில் நட்ட முதல் சில வாரங்களாவது தண்ணீரைக் கட்டி வையுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் பிறகு தொடங்கலாம்.
* தண்ணீர் எட்டாத கடைமடையில் கோடை உழவும், நெல்லுக்குப் பின் எள்ளும் கைகொடுக்கும். புழுவுக்கு இடம் தரும் புல் களைகளை வரப்பிலும் விடாதீர்கள்.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணெயைச் சோதிக்க விரும்பும் விவசாயியைத் தடுக்க வேண்டாம். நாற்றங்காலின் ஒரு மூலையில் மட்டும் போடச் சொல்லுங்கள்; பக்கத்திலேயே போடாத பகுதி ஒன்று இருக்கட்டும். இரண்டின் வேரையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, அடுத்த பருவத்துக்குப் பணம் போடுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.