ஊராட்சித் தலைவர் நாற்காலி அரசு நிரப்பும் பணியிடம் அல்ல

2020 ஜனவரி 6 அன்று பதவியேற்ற ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. எந்த நாளில் முடியும் என்பது பதவியேற்ற அன்றே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தேர்தல் நடக்கவில்லை. தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் 9,624 கிராம ஊராட்சிகளும் 314 ஊராட்சி ஒன்றியங்களும் ஒரே நாளில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. சட்டமன்றத்தில் சட்டத் திருத்தம் கொண்டுவந்து அந்த நியமனத்துக்கு வழி செய்தார்கள். ஆறு மாதம் என்று தொடங்கியது, பிறகு மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. இந்த நியமனம் தவறு. நீட்டித்தது அதைவிடத் தவறு.

இதனால் ஊரில் என்ன மாறுகிறது என்று கேட்பவர்கள் குடிநீரிலிருந்து தொடங்கிப் பார்க்கட்டும். போர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. தலைவர் இருந்தபோது, விடிவதற்குள் அவர் வீட்டு வாசலில் நாலு பெண்கள் காலிக் குடத்தோடு நிற்பார்கள். திட்டுவார்கள். அவர் டேங்க் ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு, மோட்டாரைக் கழற்றச் சொல்லி, பக்கத்து டவுனுக்கு வண்டியில் ஏற்றி அனுப்புவார். பில் பிறகு பாஸ் ஆகும். கையில் காசு இல்லையென்றால் கடைக்காரரிடம் கடன் சொல்வார். நல்லவர் என்பதால் மட்டும் இதைச் செய்வதில்லை. மறுநாளும் அதே தெருவில் நடக்க வேண்டும், அடுத்த தேர்தலில் அதே வாசல்களில் போய் நிற்க வேண்டும்.

இப்போது அந்தப் பெண்கள் யாரிடம் போவார்கள்? ஊராட்சிச் செயலரிடம். அவர் யூனியன் ஆபீஸுக்குப் போன் போடுவார். அங்கே இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். 9,624-ஐ 314-ஆல் வகுத்தால் ஓர் ஒன்றியத்துக்கு முப்பதுக்கும் சற்று அதிகமான ஊராட்சிகள் வரும். ஊராட்சிகளைக் கவனிப்பதற்கென்று உள்ள அலுவலர் ஒருவரே முப்பது ஊருக்கும் தலைவர். ஆய்வுக் கூட்டம், வீடு கட்டும் திட்டம், நூறு நாள் வேலைக் கணக்கு, ஆட்சியர் கேட்கும் அறிக்கை என்று ஏற்கெனவே மூச்சு முட்ட வேலை செய்கிறவர்தான் அவர். அவர்மேல் நமக்குக் கோபம் இல்லை. முப்பது ஊரின் குழாயையும் சாக்கடையையும் தெருவிளக்கையும் ஒரு மனிதர் தலையில் கட்டியவர்களிடம்தான் கேள்வி. அவருடைய இடமாற்றமும் பதவி உயர்வும் மேலே இருப்பவர்கள் கையில் இருக்கின்றன. வாசலில் குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு அவர்மேல் எந்தப் பிடியும் இல்லை.

அரசமைப்பின் 73-வது திருத்தம் இந்த நிலையை மாற்றத்தான் வந்தது. தமிழ்நாட்டில் 1986-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 1991-ல் முடிந்தபின், 1996 வரை ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினார்கள். பல மாநிலங்களிலும் இதுதான் நிலையாக இருந்தது. அந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டத்தான், 1993-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஊராட்சியின் காலம் ஐந்து ஆண்டு, அதற்குமேல் ஒரு நாளும் இல்லை என்றது. காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஐந்து ஆண்டு வரம்பு, தேர்தலைக் குறித்த நேரத்தில் நடத்த வைப்பதற்காக எழுதப்பட்டது. வரம்பின் பெயரால் தலைவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தேர்தல் கடமையை மட்டும் ஒதுக்கி வைப்பது பாதிச் சட்டத்தைப் படிப்பது.

வார்டு மறுவரையறை முடியவில்லை, இட ஒதுக்கீட்டுக் கணக்கு முடியவில்லை என்பவை சொல்லப்படும் காரணங்கள். 2006-லேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கிஷன்சிங் தோமர் வழக்கில், இயற்கைப் பேரிடர் போன்ற தவிர்க்க முடியாத சூழல் இருந்தால் ஒழிய உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில், மறுவரையறை முடியவில்லை என்பதும் தேர்தலை நிறுத்தக் காரணம் ஆகாது என்றது. பக்கத்து மாநிலமான கேரளம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தலை நடத்திவருகிறது. கொரோனா உச்சத்தில் இருந்த 2020-ல்கூட அங்கே சில வாரங்கள்தான் தள்ளிப்போனது. டிசம்பரில் நடத்தி முடித்துவிட்டார்கள். ஐந்து ஆண்டு அவகாசம் இருந்தும் வார்டு எல்லையை வரைந்து முடிக்காதது அரசின் தவறு. அதற்குத் தண்டனை வாக்காளருக்கா?

இதில் எந்தக் கட்சியின் கையும் சுத்தமாக இல்லை. 2016 அக்டோபரில் அப்போதைய எதிர்க்கட்சியான தி.மு.க.வின் வழக்கில், இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து உடனே நடத்தியிருக்க வேண்டிய அ.தி.மு.க. அரசு, தனி அலுவலர்களை அமர்த்தி ஆறு ஆறு மாதமாக நீட்டித்துக்கொண்டே போனது. மூன்று ஆண்டுகளுக்குமேல் கடந்த பிறகு, 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் வாக்குப்பதிவு நடந்தது. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும் (அவற்றில் ஒன்று பிறகு பிரிக்கப்பட்டு 28 ஆனது). பிரிக்கப்பட்ட மாவட்டங்களையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாததால் மத்திய நிதிக் குழுவின் மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் போட்டிருக்க வேண்டிய குழாய்களும் சாலைகளும் போடப்படாமல் நின்றன. அன்று தனி அலுவலர் ஆட்சியை ஜனநாயகப் படுகொலை என்று கண்டித்தவர்கள்தான் 2025-ல் தனி அலுவலர்களை அமர்த்தியபோது ஆட்சியில் இருந்தார்கள். அன்றைய வார்த்தை உண்மை என்றால் இன்றும் அது உண்மைதான்.

தலைவர்கள் ஊழல் செய்கிறார்கள், பெண் தலைவர் பெயரில் கணவர் நடத்துகிறார், அதற்கு அதிகாரி மேல் என்று சிலர் சொல்கிறார்கள். ஊழலும் உண்டு, கணவர்களின் ஆட்டமும் உண்டு, மறுக்கவில்லை. தவறு செய்த தலைவரை நீக்க ஆட்சியருக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. ஊரும் அடுத்த முறை தோற்கடிக்கலாம். தனி அலுவலரை ஊர் என்ன செய்ய முடியும்? பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று பெருமையோடு சட்டம் செய்த மாநிலம் இது. முதல் வருடம் கணவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்ட பெண், மூன்றாவது வருடம் கேஷ் புக்கைத் தானே விரித்துக் கேள்வி கேட்பதை ஊராட்சி அலுவலகங்களில் பார்த்திருக்கிறோம். அந்தப் படிப்பு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் வரும்.

அந்த நாற்காலிக்காக இந்த மண்ணில் ரத்தம் சிந்தியிருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவு, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. 1997 ஜூன் 30 அன்று அதன் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் கொட்டகச்சியேந்தலிலும் அதே ஒதுக்கீட்டை எதிர்த்துப் பத்து ஆண்டுகள் தேர்தலை முறையாக நடத்தவிடவில்லை. 2006-ல்தான் தலைவர்கள் முறையாகப் பதவியில் அமர்ந்தார்கள். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-ல்கூட ஒரு பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்தார்கள். அதன் படத்தைப் பார்த்து மாநிலமே வெட்கப்பட்டது. ஆதிக்கக்காரர்கள் அபகரிக்கப் பார்த்த இடத்தை அரசே ஓர் உத்தரவில் காலி செய்து அதிகாரியிடம் கொடுப்பது நெஞ்சை அறுக்கிறது.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரால் என்ன முடியும் என்பதற்கு ஓர் உதாரணம்: மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் சேமிப்புப் பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கி, ஒன்றரைக் கோடி ரூபாய்க்குமேல் போட்டு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. தன் மின்தேவை போக மிச்சத்தை விற்றது, கடனையும் அடைத்தது. தலைவர் சண்முகம் ஊரைக் கூட்டிப் பேசி எடுத்த முடிவு அது. முப்பது ஊரைக் கட்டிக்கொண்டு, எப்போது மாற்றல் வரும் என்று தெரியாமல் இருக்கும் அலுவலர், ஊர் பெயரில் பத்து வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவாரா? போடமாட்டார், போடவும் கூடாது. அவர் வேலை நடப்பதைக் காப்பது மட்டுமே.

பெரிய முடிவுகளோ இந்தக் காலத்தில்தான் வந்தன. நகரை ஒட்டிய ஊராட்சிகளைப் பக்கத்து மாநகராட்சியிலும் நகராட்சியிலும் சேர்க்கும் அறிவிப்புகள், தலைவர்களின் காலம் முடிந்த அதே நாட்களில் வெளிவந்தன. நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று ஊர் ஊராக மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்களுக்காக எழுந்து பேச வேண்டிய தலைவர் இல்லை. இணைக்கச் சொல்லும் அரசின் ஊழியரே இணைக்கப்படும் ஊரின் தலைவராகவும் இருந்தால், ஊரின் மறுப்பு எந்தக் காகிதத்தில் ஏறும்?

எஞ்சிய ஒன்பது மாவட்டங்களின் காலமும் 2026 அக்டோபரில் முடிகிறது. அதுவரை இழுத்து எல்லாவற்றையும் சேர்த்து நடத்திக்கொள்ளலாம் என்று எண்ணம் இருந்தால் அதை இப்போதே கைவிட வேண்டும். மாநிலத் தேர்தல் ஆணையம் தேதியை அறிவிக்க வேண்டும். அதற்கு வேண்டிய மறுவரையறைக் கோப்புகளை அரசு ஒரு கெடுவுக்குள் முடித்துத் தர வேண்டும். அதுவரை தனி அலுவலர் போடும் ஒவ்வொரு காசோலையின் கணக்கும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

கிராம சபை இன்னும் ஊர் மக்கள் கையில்தான் இருக்கிறது. அதைக் கலைக்க யாராலும் முடியாது. ஆகஸ்ட் 15 அன்று கூடும்போது, கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு கலைந்துவிடாமல், தீர்மானப் புத்தகத்தில் முதல் தீர்மானமாக ‘எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் தேதி வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்.