பச்சைப் புல் இருந்தும் குட்டி தேறவில்லையே!

வடகிழக்குப் பருவமழை விட்டதும் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் வரப்பெல்லாம் பச்சைப் புல்தான். செம்மறிகள் வயிறு முட்ட மேய்கின்றன. அப்படியிருந்தும் சில வீடுகளில் மூன்று மாதக் குட்டி ஆறு கிலோவைத் தாண்டுவதில்லை. நல்ல பராமரிப்பில் நம் நாட்டுக் குட்டி அந்த வயதில் 9 கிலோவாவது இருக்க வேண்டும். "இனமே சரியில்லை" என்று அலுத்துக்கொண்டு, வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள். இது சரியல்ல. இனத்தைப் பழிக்குமுன் புல்லையும், அந்தப் புல் முளைத்த மண்ணையும் பார்க்க வேண்டும்.

இந்த வட்டார நெல் விவசாயிக்குத் துத்தநாகக் குறை புதிதல்ல. நீர் தேங்கும் வயலில் பயிருக்குத் துத்தநாகம் எளிதில் கிடைப்பதில்லை. வட இந்தியாவில் நெற்பயிரைத் துருப்பிடித்தாற்போல் ஆக்கிய 'கைரா' நோய்க்கு இந்தக் குறைதான் காரணம் என்று 1966-ல் பந்த்நகர் விஞ்ஞானி நேனே கண்டறிந்தார். இன்று ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட் இடுவது நம்மவர்களுக்குப் பழகிப்போன வேலை. நெல்லுக்குக் கொடுக்கிறோம், அதே வயல் வரப்பில் மேயும் குட்டிக்கு என்ன கொடுக்கிறோம்?

நுண்சத்தின் அருமையை உலகுக்குக் காட்டியதே செம்மறிதான். ஆஸ்திரேலியாவின் தென்கடற்கரை மணற்பகுதிகளில் நல்ல மேய்ச்சல் இருந்தும் ஆடுகள் இளைத்து மடிந்தன. கோபால்ட் என்ற தாதுவின் குறையே காரணம் என்று 1935-ல் தெரியவந்தது. செம்மறியின் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டுதான் பி12 உயிர்ச்சத்தை உண்டாக்குகின்றன. அது இல்லாவிட்டால் ஆட்டுக்குப் பசியே எடுக்காது. புல் காலடியில் கிடந்தும் பயனில்லை.

நீர் தேங்கும் நிலத்தில் இரும்பும் மாலிப்டினமும் அதிகமாகக் கரைந்து புல்லில் ஏறும். இவை, உடலில் தாமிரம் சேரவிடாமல் தடுக்கும். ஊர் ஊராகப் போய்க் கிடை கட்டும் கீதாரிகளின் மந்தை பல மண்ணில் மேய்வதால், ஒரு நிலத்தின் குறையை மறு நிலம் ஓரளவு ஈடு செய்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் போன்றவற்றால் நாலைந்து உருப்படி வைத்திருக்கும் வீட்டு ஆடோ ஒரே வரப்பைத்தான் சுற்றுகிறது.

குறையைக் காட்டும் அடையாளங்கள் உண்டு. மண்ணைத் தின்பது, சுவரை நக்குவது, எலும்பைக் கடிப்பது ஆகியவை மணிச்சத்து அல்லது உப்புக் குறைவால் வரலாம். முடி கொட்டித் தோல் தடித்தால் துத்தநாகக் குறை இருக்கலாம். பிறந்த குட்டி பின்னங்கால் தள்ளாடினால் தாய்க்குச் சினைக் காலத்தில் தாமிரம் போதாதிருக்கலாம். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டையில் துத்தநாகம், தாமிரம், இரும்பு அளவுகள் உண்டு. அட்டை நோயைச் சொல்லாது. எங்கே ஐயப்பட வேண்டும் என்று காட்டும். உரத்துக்காக மட்டுமின்றி ஆட்டுக்காகவும் அதைப் படிக்க வேண்டும்.

ஆனால் இளைத்த குட்டிக்கெல்லாம் தாதுக்குறை என்று முடிவு கட்டிவிடலாகாது. நத்தை மலிந்த ஈர நிலத்தில் தட்டைப்புழுவும், இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவும் முதல் எதிரிகள். சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிப் புழு நீக்கிய பிறகே தாது உப்பு பலன் தரும். மாதம் ஒரு முறை குட்டியைத் தராசில் தூக்கிப் பார்த்து எழுதி வைத்தால், தேறுகிறதா இல்லையா என்பது சந்தேகமின்றித் தெரியும்.

தீவனமும் கையெட்டும் தூரத்திலேயே உள்ளது. உளுந்தங்கொடி, மல்லாட்டைக் கொடி, அகத்தி, சூபாபுல் தழை இவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. தவிட்டில் மணிச்சத்து மிகுதி. தவிட்டை மட்டும் அள்ளிக் கொடுத்தால் கிடாக்குட்டிக்குக் கல் உண்டாகி நீரடைப்பு வரும். "எங்கள் ஊர் உப்புக் காற்றே போதும்" என்று கிள்ளை, பரங்கிப்பேட்டைக்காரர் எண்ண வேண்டாம். கறியுப்பில் துத்தநாகமும் இல்லை, கோபால்ட்டும் இல்லை.

குட்டிக்கு நாளொன்றுக்கு 5 கிராம், பெரிய ஆட்டுக்கு 10 கிராம் தாது உப்புக் கலவை போதும். பத்துக் குட்டிக்கு மாதம் ஒன்றரைக் கிலோதான் ஆகும். சினை ஆட்டுக்குக் கடைசி ஒன்றரை மாதம் தவறாமல் கொடுக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பசு மாட்டுக்கான கலவையைச் செம்மறிக்குக் கொடுக்கலாகாது. அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, ஒரு நாள் திடீரென ஆட்டைக் கொன்றுவிடும். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்பது தாமிரத்தின் குணம். செம்மறிக்கென்றே தயாரித்த கலவைக்குக் கடலூரிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தை அணுகலாம்.

மாட்டுக் கலவை பால் கூட்டுறவுச் சங்கத்திலேயே கிடைக்கிறது. செம்மறிக் கலவையும் கால் கிலோ, அரைக் கிலோப் பொட்டலமாக அதே சங்கத்தில் கிடைக்க வேண்டும். நாலு ஆடு வைத்திருப்பவர் மூட்டையாக வாங்க முடியாது. சங்கங்களும் கால்நடைத் துறையும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மூன்று கிலோ குறைந்த குட்டியை விற்கும்போது நட்டம் வியாபாரிக்கல்ல, வளர்த்தவருக்குத்தான்.