ஒன்பது விழுக்காடு குறைந்த காற்று

உளுந்தூர்பேட்டை பழைய விமானத்தளத்தைத் திறக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஓடுதளத்தின் நீளம், நிலம், பயணிகள் வருவார்களா என்பதெல்லாம் அலசப்படுகின்றன. காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் துறையினர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இரண்டாம் உலகப் போரில் போடப்பட்ட தளம் அது. சோழவரம், செட்டிநாடு, கயத்தாறு என்று தமிழ்நாட்டில் அப்படிப் பல. எனக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம்; சித்திரை, வைகாசியில் அந்தச் சமவெளி எப்படிக் காயும் என்பதை வெப்பமானி இல்லாமலே சொல்வேன். வெப்பமானியோடு சொல்வதானால் கணக்கு இது. கடல்மட்டத்தில் 15 டிகிரி என்பது திட்ட வளிமண்டலம். உளுந்தூர்பேட்டை போல எழுபது மீட்டர் அளவு உயரமுள்ள இடத்தில் 40 டிகிரி வெயில் அடித்தால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்பது விழுக்காடு குறைகிறது. சூப்பர்சார்ஜர் இல்லாத பிஸ்டன் எஞ்சினில் திறனும் அதே அளவு இறங்கும், புரொப்பெல்லரின் இழுப்பும் குறையும், மேலெழத் தேவையான தரைவேகமோ கூடும். மூன்றும் சேர்ந்தால் ஓட்டத் தூரம் நான்கில் ஒரு பங்கு நீளும்.

திட்ட வளிமண்டலத்தின்படி பெங்களூர் உயரத்திலும் ஏறக்குறைய இதே அடர்த்திதான். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களையும் எஞ்சின்களையும் பழுது பார்த்துத் திருப்பி அனுப்பியது அந்த ஊரிலிருந்துதான். கோட்டிங்கனில் பிராண்டலிடம் படித்துத் திரும்பிய வி. எம். காட்கே அங்கே கிளைடர் வடிவமைத்தார். 1942 டிசம்பரில் இந்திய அறிவியல் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை பிறந்தபோது அதை வளர்த்தவரும் அவரே. ஆனால் அடர்த்தி ஒன்றாக இருப்பதால் இரண்டு ஊரும் எஞ்சினுக்கு ஒன்றாகிவிடாது. பெங்களூர்க் காற்று மெலிந்தது, குளிர்ந்தது. உளுந்தூர்பேட்டைக் காற்று மெலிந்தது, கொதிப்பது. ஏறுதிறன் அட்டவணை இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடும். சிலிண்டர் ஹெட் அப்படி ஏமாறாது.

இதற்குப் பெரும் சாட்சி போர்க்கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-29. அதன் ரைட் ஆர்-3350 எஞ்சின் 2,200 குதிரைத்திறன் தருவது, ஒன்றன்பின் ஒன்றான இரண்டு வரிசைகளில் ஒன்பது ஒன்பதாய்ப் பதினெட்டு சிலிண்டர்கள். இந்தியாவுக்கு வந்த முதல் விமானம் 1944 ஏப்ரல் 2 அன்று சாகுலியாவில் இறங்கியது. பின்தொடர்ந்தவற்றில் சில கெய்ரோவிலும் கராச்சியிலும் விபத்துக்குள்ளாக, அந்த மாதப் பிற்பகுதியில் பயணத்தையே நிறுத்திவைத்தார்கள். இந்த எஞ்சின்களில் டர்போசூப்பர்சார்ஜர் உண்டு. மெலிந்த காற்று திறனைப் பெரிதாகத் தின்றுவிடவில்லை. தின்றது குளிர்விப்பை. முன்வரிசையைக் கடந்து ஏற்கெனவே சூடேறிய காற்றுதான் பின்வரிசைக்குக் கிடைக்கும். எக்ஸாஸ்ட் வால்வுகள் கெட்டன. எஞ்சின் உறையின் காற்றுக் கதவான கௌல் ஃப்ளாப்பை அகலத் திறந்தால் இழுவிசை கூடி விமானம் மந்தமாகும்; மந்தமானால் உள்ளே புகும் காற்றே குறையும். திறந்தாலும் வம்பு, மூடினாலும் வம்பு.

தீர்வு ஒரே இடத்திலிருந்து வரவில்லை. பின்வரிசை வால்வுகளுக்குக் கூடுதலாக எண்ணெய் கொண்டுபோகும் குழாய்கள், எக்ஸாஸ்ட் வால்வின் மீதே காற்றைத் திருப்பும் தடுப்புத் தகடுகள் என்று சில்லறையாய்த் தோன்றும் மாற்றங்கள் வந்தன. அதே ஆண்டு மே முதல் கிளீவ்லாந்தில் அமெரிக்க வானூர்தி ஆய்வு அமைப்பான நாகாவின் உயரநிலைக் காற்றுச் சுரங்கத்தில் இந்த எஞ்சினை ஏற்றிச் சோதித்தார்கள். சிலிண்டர்களுக்கு எரிபொருள் சமமாகப் போய்ச் சேராததும் சூட்டுக்கு ஒரு காரணம் என்பதும், அதற்கு இம்பெல்லரிலேயே எரிபொருளைச் செலுத்தும் முறை உதவும் என்பதும் அந்த ஆய்வுக்கூடம் கண்டவை. விமானிகள் தங்கள் பங்குக்கு, தரையை விட்டதும் உடனே ஏறாமல் தாழப் பறந்து வேகம் சேர்த்துக்கொண்டு பிறகு மூக்கைத் தூக்கப் பழகினார்கள். இந்தக் கடைசி உபாயத்துக்குச் செலவு ஏதுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1944 ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலை சீனன்குடாவிலிருந்து 54 பி-29கள் சுமத்ராவின் பாலெம்பாங் நோக்கிப் புறப்பட்டன. போய்வர ஏறத்தாழ 3,900 மைல். எஞ்சின் சூடு அதற்குள் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை, போர் முடியும்வரை அது தலைவலிதான்.

போர்க்கால ஆய்வு என்றதும் காற்றுச் சுரங்கத்தையும் சூத்திரத்தையும் மட்டும் நினைக்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. ஆனால் பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங், மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் மெர்லின் எஞ்சின் தடுமாறுவதைத் தடுக்கத் துளையிட்ட சிறு உலோகத் தகடு ஒன்றைத் தந்தார். 1941-இல் அதை விமானத்தளம் விமானத்தளமாகப் போய் மாட்டவும் செய்தார். மாறாக, 1944 இறுதியில் இந்தியாவில் மரத்தால் ஆன மொஸ்கிட்டோ விமானங்கள் உடைந்தபோது, குற்றம் வெப்பத்திலும் ஈரத்திலுமா, தொழிற்சாலையின் ஒட்டுவேலையிலா என்று வாதம் நீண்டது. வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று தெளிவு: இந்தத் தட்பவெப்பத்தில் அந்த ஒட்டு எத்தனை மாதம் தாங்கும் என்ற அளவீடு முன்கூட்டியே போதுமான அளவு கையில் இருந்திருந்தால் அவ்வளவு பேச வேண்டியிருந்திருக்காது.

ஈரத்தை நாமும் இன்றுவரை சில்லறையாகவே நடத்துகிறோம். 35 டிகிரியில் ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் காற்றழுத்தத்தில் சுமார் 3.4 கிலோபாஸ்கல் நீராவியுடையது. அடர்த்தி ஒன்றேகால் விழுக்காடுதான் குறையும். ஆக்சிஜனோ மூன்று விழுக்காட்டுக்கு மேல் குறையும். இறக்கைக்குச் சிறிய இழப்பு, பிஸ்டன் எஞ்சினுக்குப் பெரிய இழப்பு. அடர்த்தி உயரத்தை மட்டும் பார்த்துத் திருத்தம் போடுகிறவர் இதைத் தவறவிடுவார்.

இது பழைய விமானக் கதை என்று ஒதுக்க வேண்டாம். இன்று வயலில் மருந்து தெளிக்கும் டிரோனுக்கும் இதே காற்றுதான். அடர்த்தி ஒன்பது விழுக்காடு குறைந்தால், அதே எடையோடு அந்தரத்தில் நிற்கவே ரோட்டருக்கு ஐந்து விழுக்காட்டுக்கு அருகில் கூடுதல் திறன் வேண்டும். பேட்டரியும் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதே நேரத்தில் அனலில் வேகின்றன. விற்பனைத் தாளில் அச்சிட்ட பறப்பு நேரம் எந்த ஊர் வானிலையில் எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள்.

நம் கோடை இதழுக்கு ஆய்வுக் கட்டுரைகளைவிட அளவீடுகளே வேண்டும். பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் எடுத்தவையாக இருக்கட்டும்: நிழலில் காற்றின் வெப்பநிலை, ஓடுதளப் பரப்பின் மேல் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், புறப்பாட்டு எடை, ஓடிய தூரம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே ஹெட் வெப்பநிலை. டிரோன் என்றால் மின்னோட்டமும் பேட்டரிச் சூடும். சராசரி எடுத்து அனுப்ப வேண்டாம். பின்வரிசை எரிந்துகொண்டிருக்கும்போது சராசரி நன்றாகத்தான் இருக்கும்.