தோழனின் பாட்டும் தோழனின் கடவுளும்



இறந்துபோன நண்பனை நினைப்பதற்குத் திதியும் எள்ளும் தண்ணீரும் வேண்டியதில்லை என்று நாம் நெடுங்காலமாய்ச் சொல்லி வருகிறோம். பின் எப்படித்தான் நினைப்பது என்று கேட்டால், நாகூர் அனிபா, கருணாநிதி ஆகிய இருவரின் நட்பைக் காட்டுவோம்.

கருணாநிதி இசை வேளாளர் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர். சிறுவயதில் நாதசுரம் கற்க அனுப்பப்பட்டார். வாசிக்கிறவன் மேலே துணி போடக்கூடாது, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்கிற வழக்கத்தைக் கண்டதும், அந்தப் படிப்பே வேண்டாமென்று விட்டார். சங்கீதத்தின்மேல் வெறுப்பா? இல்லவே இல்லை. அதைச் சுற்றியிருந்த இழிவின்மேல்தான் வெறுப்பு.

அனிபா அவருக்கு ஒரு வயது இளையவர். இஸ்லாமியப் பாட்டுகளும் பாடினார், இயக்க மேடையிலும் பாடினார். குன்னத்துக்குத் தெற்கேயிருக்கும் கல்லக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். வடநாட்டு சிமெண்ட் முதலாளியின் பேரால் டால்மியாபுரம் என்றிருந்ததை மாற்றக்கோரி, 1953 ஜூலை 15ந் தேதி கருணாநிதி தண்டவாளத்தில் படுத்துச் சிறை சென்றார். பத்திரிகை படிக்கத் தெரிந்தவர்கள் படித்துத் தெரிந்துகொண்டார்கள். படிக்கத் தெரியாத பாட்டாளியின் காதுக்கு அதைக் கொண்டுபோனது அனிபாவின் பாட்டல்லவா?

நிற்க, சில தோழர்கள், “அனிபா கடவுளைப் பாடியவராயிற்றே, பகுத்தறிவுக்காரன் அதை ரசிக்கலாமா?” என்று கேட்கக்கூடும். ஒரு பாட்டைக் கேட்டவுடன் பக்தி வந்து ஒட்டிக்கொள்ளும்படி நம் அறிவு அவ்வளவு இளப்பமானதா? கருணாநிதி நாத்திகராகவே இருந்தார். அனிபா முஸ்லிமாகவே இருந்தார். இருவர் நட்புக்கும் அது குறுக்கே நிற்கவில்லை. நாம் எதிர்ப்பது, கடவுள் பேரால் மனிதனை மட்டந்தட்டுவதையேயாகும். கோவில் வாசலில் கலைஞனின் தோள்துண்டு இடுப்புக்கு இறங்கிற்று. நம் மேடையிலோ அனிபா சட்டையும் தொப்பியுமாய் நிமிர்ந்து நின்று பாடினார். இந்த வித்தியாசந்தான் சுயமரியாதை.

அனிபா 2015 ஏப்ரல் 8ந் தேதியும், கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7ந் தேதியும் மறைந்தார்கள். பாட்டு மட்டும் இன்னமும் கேட்கிறது. எந்தப் புரோகிதன் மந்திரம் ஓதி அதைக் காப்பாற்றினான்?

ஆகவே, குன்னம் பக்கத்துத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். உங்கள் ஊர்க் கூட்டங்களில் பாடியும் பறையடித்தும் மறைந்த எத்தனையோ பேருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் நினைவு நாளில் படத்திறப்பு வையுங்கள். அவர்கள் பாடின பாட்டைத் தெரிந்தவர்களைக் கொண்டு பாடச்செய்து, பெயரோடு எழுதி வையுங்கள். பாடவும் வாசிக்கவும் வருகிறவர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து, தோளில் துண்டோடு வாசிக்கச் சொல்லி, கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். செத்தவனுக்குப் பிண்டம் வைப்பதைவிட, அவன் தொழிலைச் செய்கிற உயிருள்ளவனுக்கு மரியாதை வைப்பதே மேலானதாகும்.