அரைத் துளை

லாரி கட்ட உட்கார்ந்தால் முதலில் டயரை எடுத்து வைக்க வேண்டும். மற்றதையெல்லாம் துண்டு துண்டாகச் சேர்த்து எப்படியாவது உருவாக்கிவிடலாம். டயரை மட்டும் லெகோக்காரர்கள் என்னென்ன அளவில் வார்த்திருக்கிறார்களோ அதிலிருந்துதான் பொறுக்கியாக வேண்டும். என்னிடம் இருந்தது 62.4 மில்லிமீட்டர் விட்டம். ரோட்டில் ஓடும் லாரியின் டயர் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆகவே என் லாரி அசலில் பதினாறில் ஒரு பங்கு. இரண்டரை மீட்டர் அகலத்தைப் பதினாறால் வகுத்தால் 156 மில்லிமீட்டர். லெகோவில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் பத்தொன்பதரைத் துளை வருகிறது.

அரைத் துளைக்கு வித்தைகள் உண்டுதான். ஆனால் வண்டியின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அந்த வித்தையை இழுத்துக்கொண்டு போனால் சேஸிஸ் தளர்ந்துவிடும். ஸ்டியரிங் நட்டநடுவில் உட்கார ஒற்றைப்படைதான் வசதி, நடுவில் ஒரு துளை அமையும். பத்தொன்பது என்று முடிவு செய்தேன். அரைத் துளையை யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

இந்தப் பைத்தியம் மகன் மூலமாகத் தொற்றியது. அவன் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டான், நான் விடவில்லை. இப்போது எனக்கு ஐம்பத்து நான்கு. மனைவியின் பழைய அஞ்சறைப்பெட்டி என் மேஜைக்கு வந்து நாளாகிறது. மிளகு இருந்த கிண்ணத்தில் துளைகளைக் கோக்கும் கறுப்புப் பின், சீரகம் இருந்ததில் சாம்பல் நிறப் பின். இரண்டும் ஒரே உருவம். கறுப்பு இறுக்கிப் பிடிக்கும், சாம்பல் வழுக்கிக்கொண்டு சுழலும். தூக்கக் கலக்கத்தில் ஸ்டியரிங் மூட்டில் கறுப்பைச் செருகிவிட்டு, சக்கரம் ஏன் திரும்ப மறுக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். வேண்டிய துண்டைத் தேடிப் பெட்டியைக் கிளறும்போது எழும் சத்தம்தான் வீட்டாருக்குப் பெரிய தொந்தரவு. முறத்தில் கூழாங்கல் புடைப்பது போல இருக்கும். “என்னங்க, மணி பன்னிரண்டு” என்று உள்ளிருந்து குரல் வரும்.

குழந்தைகள் அடுக்கும் குமிழ் வைத்த கட்டை வேறு, நான் சொல்லும் டெக்னிக் வகை வேறு. ஆனால் இரண்டாவது முதலாவதின் வயிற்றில் பிறந்தது. அதனால் ஒரு வில்லங்கமும் கூடப் பிறந்தது. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் கோட்ஃப்ரெட் கிர்க் கிறிஸ்டியான்சன் 1958 ஜனவரி 28-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். குமிழுக்குக் குமிழ் தூரமோ 8. வீடு கட்டுகிற பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 1977-இல் அந்தக் கட்டையின் பக்கவாட்டில் துளை போட்டு, அதில் ஆக்சிலைச் செருகி, பல்சக்கரம் மாட்ட ஆரம்பித்தபோதுதான் வில்லங்கம் தலைகாட்டியது. கிடையாக 8 மில்லிமீட்டருக்கு ஒரு துளை, ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் 9.6-க்கு ஒரு துளை. கிடையாகக் கச்சிதமாகக் கடிக்கிற பற்கள் செங்குத்தாக நிறுத்தினால் கடிக்காது. வழி என்னவென்றால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இரண்டு மெல்லிய தகடுகள். தகடு ஒவ்வொன்றும் 3.2. ஒன்பது புள்ளி ஆறோடு ஆறு புள்ளி நான்கைக் கூட்டுங்கள்: சரியாக 16, அதாவது இரண்டு துளைத் தூரம்! பழைய லெகோ வண்டிகளின் விலா எலும்பில் கட்டை, தகடு, தகடு, கட்டை என்று வரி வரியாகத் தெரிவதற்கு இதுதான் காரணம், அழகுக்காக இல்லை. பிறகு குமிழே இல்லாத துளைச் சட்டங்கள் வந்து இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன. எனக்கென்னவோ அந்த வரி போட்ட பழைய விலா எலும்பின் மேல்தான் பிரியம்.

என் லாரியின் சட்டம் முடிந்து மோட்டாரை வைத்தேன். 8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைத் திருப்பினால் வேகம் மூன்றில் ஒன்றாகும், இழுவை மூன்று மடங்காகும். பள்ளிக்கூடத்தில் படித்த சங்கதிதான். லோடுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு. சாய்த்து வைத்த பலகையில் லாரி பாதி தூரம் ஏறியதும் ‘டக்... டக்... டக்’ என்று கேட்டது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களின் வயிற்றைக் கலக்கும் சத்தம் அது, பல் தாண்டுகிற சத்தம். பாரம் கூடும்போது கடித்துக்கொண்டிருக்கும் இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். ஆக்சிலை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால் மறுமுனை நழுவிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்தேன். பல் தாண்டுவது நின்றது, நீளமான ஆக்சில் முறுக்கிக்கொண்டது. பிளாஸ்டிக்தானே! வேகக் குறைப்பைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான் பருப்பு மேலே போய்ச் சேர்ந்தது.

பசையும் பெயின்டும் கொண்டு செய்கிற பொம்மை வண்டிகளில் கதவு கோணினால் மாவு வைத்துப் பூசிவிடலாம். இங்கே பூச்சு வேலைக்கு வழியில்லை. மேலே ஏறினால் ஏறியது, இல்லையென்றால் பிரித்துப் போட வேண்டியதுதான். நான் மூன்று தடவை பிரித்தேன்.

கீழ்வீட்டுப் பெரியவர் வந்தது அதற்குப் பிறகுதான். அரசு பஸ் டெப்போவில் முப்பது வருஷத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாடகை கொடுக்க மாடிக்கு வந்தவர், லாரி மொசைக் தரையில் வளைந்து போவதைப் பார்த்தபடி நின்றார். வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையைத் தேய்த்து, ஒரு துள்ளு துள்ளியது.

“சார், கிரௌன் வைக்கலையா?”

பின் சக்கரம் இரண்டையும் ஒரே ஆக்சிலில் கோத்திருந்தேன். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக. ஒரே கம்பியில் கட்டிப்போட்டால் ஏதாவது ஒன்று தேய்ந்துதான் ஆக வேண்டும். அவர் கிரௌன் என்று சொன்ன டிஃபரன்ஷியல் லெகோ வண்டிகளுக்கே 1980-இல் வந்த கார் சேஸிஸில்தான் கிடைத்தது என்று சமாதானம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாளே மாற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். சின்னக் கூண்டு, அதற்குள் மூன்று சாய்பல் சக்கரங்கள், அவ்வளவுதான். அவர் லாரியைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு சக்கரத்தை விரலால் நிறுத்தினார், மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் சுழன்றது. மோட்டாரை அணைக்கச் சொல்லி, கூண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தை முன்னே உருட்டினார், அடுத்தது பின்னே உருண்டது. திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தார். காபி ஆறிப்போயிற்று.

“வேலைக்குச் சேர்ற பசங்களுக்கு ரெண்டு கை விரலையும் கோத்துத்தான் சார் இதைக் காட்டுவேன். ஒருத்தனுக்கும் புரிஞ்சதில்லை. இது ஒண்ணு இருந்திருந்தா...” என்றவர், “ஆயில் எங்க ஊத்துவீங்க?” என்று கேட்டார்.

“ஊத்துறதில்லை.”

“அப்போ சத்தம் வரும்.”

வரத்தான் செய்கிறது.

2018-இல் லெகோக்காரர்கள் புகாட்டி ஷிரோன் காரை முழு அளவில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டெக்னிக் துண்டுகளால் கட்டினார்கள். 2,304 குட்டி மோட்டார்கள், எல்லாம் சேர்ந்து 5.3 குதிரைத்திறன். அசல் காருக்கு 1,500. பந்தய வீரர் ஆண்டி வாலஸ் உட்கார்ந்து ஓட்ட, மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டியது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். “பால்காரர் மொபெட் முந்திடுமே” என்றார். முந்திவிடும். ஆனாலும் அத்தனை மோட்டார்களையும் ஒரே அச்சில் ஒத்துழைக்க வைத்தவர்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இரண்டு மோட்டாரை ஒத்துப்போக வைக்கவே நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இப்போது வரும் பெரிய பெட்டிகளில் வழுவழுப்பான மேல்தகடுகள் ஏராளம். கட்டி முடித்தால் கியர்பாக்ஸ் எங்கே போயிற்று என்று தேட வேண்டும். 1994-இல் வந்த சூப்பர் கார் இதற்கு நேர்மாறு. நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கு சக்கரமும் திரும்பும், நான்கு கியர். மேலே பெயருக்கு நாலு சட்டம். எலும்புக்கூடு மாதிரி இருக்கும். நிஜம் போலவே இருக்கிறது என்று ஒரு வண்டியைச் சொன்னால், எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது. என் லாரிக்கும் இன்னும் முகம் வைக்கவில்லை. கியர் கம்பி போகும் இடத்தில்தான் டிரைவர் சீட் வர வேண்டியிருக்கிறது. டிரைவருக்குக் காலை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் பெரியவர் தாமாகவே மாடிக்கு வந்தார். “ஒரு டவுன் பஸ் கட்டுங்க சார். எஞ்சின் முன்னாடி, டிரைவருக்குப் பக்கத்துல இருக்கணும். பானட் மேல நாலு பேர் உட்காரணும்.” அதே டயர், அதே அளவு, கணக்குப் போட்டால் மறுபடியும் அதே பத்தொன்பதரை. லாரியில் கேட்காமல் வெட்டிவிட்டேன். பஸ் அவருடையது, அதனால் கேட்டேன்: அரைத் துளை இடிக்கிறதே, பத்தொன்பதா, இருபதா?

கொஞ்சம் யோசித்தார். “பத்தொன்பதே வைங்க. மிச்சத்தை இடது பக்கம் வெளியே விட்டுடுங்க சார், அங்கேதான் எப்பவும் ஆள் தொங்கும்.”